இவ்விடம் ஒரு சைக்கிள் அதிகமாக இருக்கிறது

மட்டாஞ்சேரி,
புதன்கிழமை காலை.

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் நீலகண்டன் சாஷ்டாங்க நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. முழங்கால் காரணமாக நமஸ்காரத்தை மனத்தளவில் செய்திருக்கிறேன், ஏற்றுக்கொள்ளவும். இவ்விடம் நானும் விசாலாக்ஷியும் பகவான் கிருபையால் சௌக்கியம். ஒரு சைக்கிள் அதிகமாக இருப்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. அவ்விடம் தங்களுடைய ரத்த அழுத்தமும் அக்காவுடைய ரத்த அழுத்தமும் அததன் எல்லைக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அவை அங்கேயே இருக்க வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். அக்கா எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள் என்பதும், ஸ்பீக்கரில் போட்ட பேச்சு திருப்பூணித்துறையில் தெருக்கோடி வரைக்கும் கேட்கும் என்பதும் தாங்கள் அனுபவித்து அறிந்தவை. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் தங்கள் போனையும் அவள்தான் வைத்திருக்கிறாள். ஆகையால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன். தயவுசெய்து கோவில் குளப்படியில் உட்கார்ந்து, பக்கத்தில் யாரும் இல்லாதபோது படிக்கவும். விஷயம் இதுதான். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மனிதரைக் கொள்ளையடித்துவிட்டோம். கொள்ளை தவறுதலாக நடந்தது. ஆனால் பறித்த சைக்கிள் உண்மையாகவே எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. அதை உரியவரிடம் எப்படியாவது சேர்க்க வேண்டும். அதற்குத் தங்கள் உதவி இல்லாமல் முடியாது.

மூன்று பேர் என்றது என்னையும் வெங்கிடேஸ்வரனையும் சங்கர்ராமையும். இருவரையும் தாங்கள் எங்கள் பிள்ளை கேசவ் கல்யாணத்தில் பார்த்திருக்கிறீர்கள். வெங்கிடேஸ்வரன் பாங்கில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்தக் காரியத்துக்கும் முதலில் விதிமுறை எழுதிவிட்டுத்தான் மூச்சு விடுவார். சங்கர்ராம் தோப்பும்படியில் மீனுக்கு ஐஸ் தயாரிக்கும் பிளாண்டில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் பேசிப் பழகியதால் அவர் ரகசியம் சொன்னாலும் காயலுக்கு அக்கரையில் வைப்பினில் கேட்கும். மற்றபடி இருவரும் பரம சாதுக்கள். டாக்டர் என் சர்க்கரையைப் பார்த்துவிட்டுச் சைக்கிள் ஓட்டச் சொன்னார், கேசவ் கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கி அனுப்பினான், அதைப் பார்த்து இவர்களும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். கிழக்கு வெளுப்பதற்கு முன் கிளம்பி, பஜார் ரோடு வழியாகக் கோட்டைக்கொச்சி வரை போய்த் திரும்புவோம். அத்திம்பேர், தங்களிடம் சொல்வதற்கு என்ன, மிளகுக் கம்பெனியில் கணக்கு எழுதியே முதுகு வளைந்த எனக்கு இந்த வயதில் கிடைத்த சுகம் அது ஒன்றுதான். அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னை யாரும் எதுவும் வாங்கி வரச் சொல்ல முடியாத நேரம்.

அப்படி இருக்கையில், போன வாரம் எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. விடியற்காலையில் தனியாகச் சைக்கிளில் போன ஒருவரை எங்கேயோ பாலத்தருகில் சிலர் வழிமறித்து, கீழே தள்ளி, மண்டையில் அடித்து, போனையும் சைக்கிளையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். எந்தப் பாலம், எந்த ஊர் என்று செய்தியில் இல்லை. கேரளத்தில் பாலத்துக்கா பஞ்சம், ஆகவே எந்தப் பாலத்தைக் கண்டாலும் பயப்பட வேண்டியதாயிற்று. எனக்கு இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. உடனே வெங்கிடேஸ்வரன் பாதுகாப்பு விதிமுறைகள் எழுதி அனுப்பினார். அதில் முக்கியமானவை இரண்டு. யாரும் தனியாகப் போகக் கூடாது, மூவரும் ஒன்றாகவே கிளம்ப வேண்டும். வழியில் யாராவது தனியாகச் சைக்கிளில் போகக் கண்டால் அவரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பத்திரமாகக் கொண்டுவிட வேண்டும். படிக்கும்போது இரண்டும் மிக நல்ல விதிகளாகத்தான் தெரிந்தன.

மூவரும் ஒன்றாகக் கிளம்புவது என்றதும் விசாலாக்ஷி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "மூணு பேராவா போறேள்? ராம ராமா! மூணு பேராப் போன காரியம் எங்கேயாவது விளங்கியிருக்கோ? ஒரு கல்லைக் கையில எடுத்துக்கோங்கோ, நாலாச்சு" என்றாள். நம் குடும்பங்களில் உள்ள வழக்கம்தான், தங்களுக்குத் தெரியாததல்ல. மூன்று பேராகக் கிளம்ப நேர்ந்தால் ஒரு கல்லை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டு கிளம்புவோம். தங்கள் பெண்பார்க்கும் படலத்துக்குக்கூட அப்படி ஒரு கல் வந்ததாக அக்கா சொல்லுவாள். ஆனால் இந்தக் காலத்தில் மட்டாஞ்சேரியில் முற்றமெல்லாம் டைல்ஸ் போட்டாகிவிட்டது, கல்லுக்கு எங்கே போவது? அவள் உப்புமாங்காய் ஜாடியில் பாரம் வைக்கும் கல்லைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். தெருமுனையில் பார்த்தால், வெங்கிடேஸ்வரன் வீட்டிலும் இதே சம்பிரதாயம் நடந்து, அவர் இஞ்சி இடிக்கும் சின்ன உரலின் குழவியோடு நிற்கிறார். சங்கர்ராமின் மனைவி பெங்களூரில் மகளோடு இருக்கிறாள், ஆனாலும் வீடியோ காலில் உத்தரவு போட்டுவிட்டாள். அவர் மதில் சுவரிலிருந்து பெயர்ந்த வெட்டுக்கல் துண்டு ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். ஆக மூன்று பேரும் மூன்று கல்லுமாக ஆறு பேராகக் கிளம்பினோம்.

கல்லைப் பையில் போட்டிருக்கலாமே என்று தோன்றும். போட்டுப் பார்த்தேன். ஜாடிக் கல்லின் கனத்தில் டிராக் பேண்ட் இறங்கிவிட்டது. சரி, வழியில் எங்கேயாவது வைத்துவிட்டுத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றால், ஆள் என்று கணக்கில் சேர்த்த பிறகு கீழே வைத்தால் கூட வந்தவரை நடுவழியில் விட்ட பாவம். ஆகவே மூவரும் ஒரு கையால் ஹாண்டில்பாரையும் மறு கையால் கல்லையும் பிடித்துக்கொண்டு ஓட்டினோம். பனி வேறு. சங்கர்ராம் கண் மட்டும் தெரியும்படி குரங்குக் குல்லா போட்டிருந்தார். வெங்கிடேஸ்வரனுக்குத் தூசு ஆகாது, ஹெல்மெட்டுக்குக் கீழே கறுப்பு மாஸ்க் கட்டியிருந்தார். எனக்கு விசாலாக்ஷி தன் மப்ளரை எடுத்துக் காதையும் வாயையும் சேர்த்து இறுக்கி முடிந்துவிட்டிருந்தாள். இந்தக் கோலத்தை நாங்கள் யாரும் கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாங்களே ஓடியிருப்போம்.

பஜார் ரோட்டில் கிடங்குகள் எல்லாம் சாத்தியிருந்தன. எங்களுக்கு முன்னால் ஒருவர் சாதாரணச் சைக்கிளில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். வெங்கிடேஸ்வரன் தம் விதியை நினைவுபடுத்தினார். "பாவம், ஒத்தையாப் போறார் பாருங்கோ. நாமதான் துணைக்குப் போகணும்." சங்கர்ராம் உடனே, "சேட்டா! நில்லுங்கோ! தனியாப் போகாதேங்கோ!" என்று குரல் கொடுத்தார். கிடங்குக் கூரை மேலிருந்த புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார், பிறகு மிதித்தார் பாருங்கள், அப்படி ஒரு மிதி. அவர் அவ்வளவு பயந்து ஓடுவதைப் பார்த்ததும் அவருக்கு எங்கள் துணை கட்டாயம் தேவை என்று எங்களுக்கு உறுதியாகிவிட்டது. நாங்களும் கியரை மாற்றிக்கொண்டு விரட்டினோம். ஒரு மிளகுக் கிடங்கின் வாசலில் அவருடைய செயின் கழன்றுகொண்டது. மூவரும் மூன்று பக்கமும் போய் நின்றோம்.

வெளியே கிளம்பிய மனிதரை 'எங்கே போகிறீர்கள்' என்று கேட்கக் கூடாது, போகும் காரியம் கெட்டுவிடும் என்பது நமக்கெல்லாம் சொல்லி வளர்த்தது. அதனால் சங்கர்ராம் சபை மரியாதையாக, "ரொம்ப தூரமோ?" என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம். வெங்கிடேஸ்வரன் மாஸ்க்குக்குள்ளிருந்து, "இனிமே நீங்க தனியாப் போக முடியாது. எங்ககூடத்தான் வரணும்" என்றார். நான் ஒருவன்தான் பேசவில்லை. மப்ளர் கட்டியிருந்ததால் பேச வரவில்லை. ஆகவே வணக்கம் சொல்வதற்காகக் கையை உயர்த்தினேன். கல் இருந்த கை அது.

"எடுத்துக்கிடுங்க! எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்க! என்னைய விட்டுருங்க!" என்று அவர் தமிழில் கத்தினார். நம் ஊர்ப் பக்கத்து ஆள் என்று எங்களுக்குச் சந்தோஷம் வருவதற்குள் போனை என் மேல் எறிந்தார், சைக்கிளை அப்படியே போட்டார், சந்துக்குள் ஓடினார். போனை நான் பிடித்துவிட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் பிடித்த முதல் கேட்ச் அதுதான். "ஒண்ணும் பண்ண மாட்டோம், வாங்கோ!" என்று சங்கர்ராம் சந்துக்குள் கத்த, அவர் இன்னும் வேகமாக ஓடும் சத்தம்தான் கேட்டது.

அந்தச் சமயத்தில் அவருடைய போன் அடித்தது. திரையில் சங்கரி என்று பெயர் வந்தது. மனைவியாக இருக்க வேண்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சங்கர்ராம் வாங்கிப் பேசினார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, பதறாதேங்கோ. உங்காத்துக்காரரோட சைக்கிளும் போனும் எங்ககிட்டதான் இருக்கு. அவரை வந்து வாங்கிக்கச் சொல்லுங்கோ. தனியா வந்தா போறும். போலீஸ் கீலீஸ்னு பெரிசு பண்ண வேண்டாம், அது உங்களுக்குத்தான் கஷ்டம்." இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, அத்திம்பேர்? எல்லாம் அந்தப் பெண்மணியின் சிரமத்தைக் குறைக்கச் சொன்னவை. ஆனால் மறுமுனையில், "ஐயா, பிள்ளைக்காரருய்யா, அவுகள ஒண்ணும் பண்ணிராதீங்க" என்று ஒரு அழுகை கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது, சார்ஜ் தீர்ந்து போனும் அணைந்தது. "எல்லாம் தெளிவாச் சொல்லியாச்சாக்கும்" என்றார் சங்கர்ராம்.

சைக்கிளைத் தெருவிலேயே விட்டுவிடலாம் என்றேன். "விட்டா யாராவது திருடிண்டு போயிடுவா" என்றார் வெங்கிடேஸ்வரன். அது நியாயமாகவே பட்டது. ஆகவே செயினை மாட்டி, தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கொல்லையில் நிறுத்தி, பழைய வேஷ்டி ஒன்றைப் போர்த்தினோம். விசாலாக்ஷி முழுக் கதையையும் கேட்டாள். பிறகு, "கல்லு கொண்டுபோனதுனாலதான் வெறுங்கையோட திரும்பலை" என்றாள். அவள் அதைப் பெருமையாகச் சொன்னாளா, திட்டினாளா என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் நாங்கள் நடந்தே போனோம். சவாரி முடிந்ததும் நாங்கள் இட்லியும் சாயாவும் சாப்பிடுவது படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் முப்பிடாதி அண்ணாச்சி கடையில். அண்ணாச்சி தென்காசிப் பக்கத்துக்காரர், வருஷக்கணக்காக இங்கே கடை போட்டிருக்கிறார். அன்றைக்கு இட்லி இல்லை. "இட்லி இன்னும் ஏறல, சாமி. மாஸ்டர் நடந்து வந்து சேர நேரமாயிட்டு. நம்ம இசக்கிதுரைய நேத்து விடியக்காலம் வழிமறிச்சுட்டானுவள்ளா! ஆறு பேரு. ஒவ்வொருத்தனும் ஆறடி. கையில அருவா, முகத்துல துணி. இவரு ரெண்டு பேரச் சாய்ச்சுட்டுத்தான் வந்துருக்காரு. பொறவு வீட்டுக்கே போன் போட்டு, தனியா வா, போலீஸுக்குப் போனா ஒனக்குத்தான் கஷ்டம்னு மெரட்டிருக்கானுவ. படுபாவிப் பயலுவ!" என்றார் அண்ணாச்சி. கடையில் இருந்த எல்லோரும் படுபாவிப் பயல்களைத் திட்டினார்கள். நாங்களும் கூடச் சேர்ந்து திட்டினோம், சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. ஆறு பேர் என்ற கணக்கு ஒருவகையில் சரிதான் என்று வெங்கிடேஸ்வரன் என் காதில் சொன்னார்.

ஒன்று சொல்லட்டுமா, அத்திம்பேர்? பல மாதங்களாக அந்த மனிதர் கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இட்லியைப் பாராட்டியிருக்கிறோம், சட்னியைக் குறை சொல்லியிருக்கிறோம். அடுப்படியில் நிற்பது யார் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மட்டும் எங்கள் முகத்தை எப்படி அறிவார்? அவர் அறிந்தது சங்கர்ராமின் குரலைத்தான். சங்கர்ராம் வழக்கம்போல, "அண்ணாச்சி, ஒரு சாயா!" என்றதும் அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. ஒரு தலை வெளியே நீண்டது. சங்கர்ராமையும், மேஜை மேல் இருந்த குரங்குக் குல்லாவையும், என் கழுத்து மப்ளரையும் பார்த்தது. மெதுவாக உள்ளே போயிற்று.

நாங்கள் கை கழுவுகிற சாக்கில் அடுப்படிக்குப் போனோம். வெங்கிடேஸ்வரன் நடந்ததை ஆதியோடந்தமாக விளக்கினார், சங்கர்ராமைப் பேசவே விடவில்லை. இசக்கிதுரை கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார். வலுவான உடம்பு, முப்பது வயதுக்கு மேல் இருக்காது. எல்லாம் கேட்டுவிட்டு, "மூணு பேருதானா?" என்றார். மூன்று பேர்தான் என்றோம். "வயசு என்ன இருக்கும் சாமி, ஒங்களுக்கு?" சொன்னேன். அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

சைக்கிளை இப்போதே கொண்டு வந்து தருகிறோம், எத்தனை மன்னிப்பு வேண்டுமானாலும் கேட்கிறோம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "எனக்கு வேண்டாம், சாமி. நா வாங்க முடியாது. எங்க வீட்ல சங்கரி ஊருக்கெல்லாம் போன் போட்டு, எங்க வீட்டுக்காரரு ஆறு பேர அடிச்சாருன்னு சொல்லிட்டா. எம் மாமனாரு இத்தன வருசத்துல மொத தடவையா என்கூட நாலு வார்த்த மரியாதையாப் பேசுனாரு. இப்பப் போயி, ஜாடிக் கல்லு வச்சிருந்த மூணு வயசாளிங்களப் பாத்து ஓடுனேன்னு எப்படிச் சொல்ல?" அப்படியானால் தெருவோரம் கிடந்ததாகச் சொல்லிக்கொள்ளலாமே என்றார் வெங்கிடேஸ்வரன். "திருடனுக்கே வேண்டாத சைக்கிளான்னு கேப்பாங்க." போனை மட்டும் வாங்கி மாவுப் பானைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஓடும்போது விழுந்தது, பிறகு கிடைத்தது என்று போனைச் சொல்லலாம், சைக்கிளை அப்படிச் சொல்ல முடியாதாம். "சைக்கிள நாலு பேரு பாக்க நானே மீக்கணும். அதுவும் ஒங்கள மாதிரி ஆளுங்க வேண்டாம், சாமி. ஒங்கள அடிச்சா எனக்குத்தான் கேவலம். ஆளு வாட்டசாட்டமா இருக்கணும்" என்றார்.

இந்த இடத்தில்தான் மூவருக்கும் ஒரே சமயத்தில் தங்கள் நினைவு வந்தது. தாங்கள் போலீஸ் இலாகாவில் கிடங்கில் இருந்துகொண்டு காகிதம், லத்தி, பூட்ஸ் இருப்பைப் பார்த்தவர்தான், கள்ளன் ஒருவனையும் நேரில் கண்டவரல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த உயரமும் அந்த மீசையும் இங்கே வேறு யாருக்கு இருக்கிறது? தாங்கள் வருகிற சனிக்கிழமை காலை மெட்ரோவில் எர்ணாகுளம் வந்து, அங்கிருந்து படகில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்க வேண்டும். அடையாளம் தெரியாதபடி கைலி கட்டிக்கொண்டு வந்தால் நலம். சைக்கிளை நான் மறைவாகக் கொண்டுவந்து தருவேன். தாங்கள் அதில் ஏறி அண்ணாச்சி கடை வழியாகப் போக வேண்டும். இசக்கிதுரை ஓடிவந்து மறிப்பார், தாங்கள் கொஞ்சம் உறும வேண்டும், பிறகு சைக்கிளை விட்டுவிட்டு ஓட வேண்டும். ஜெட்டியில் திரும்பும் படகு தயாராக இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்கிறோம். தோளுக்கு மேல் அடிப்பதில்லை என்று மாஸ்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்படியே விழுந்தாலும் சட்னிக் கரண்டிதான்.

நேரம் அதிகம் இல்லை. மாஸ்டர் எவ்வளவு தடுத்தும் கேட்காமல், அண்ணாச்சி சைக்கிளின் பழைய படம் ஒன்றைச் செயின் கார்டில் 'இசக்கியம்மன் துணை' என்று எழுதியிருப்பது தெரியும்படி எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். எங்கள் குழுவிலும் வந்தது. வெங்கிடேஸ்வரன் பழக்கதோஷத்தில் அதை ஏழு பேருக்கு அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாக அண்ணாச்சி சொல்கிறார். அதற்குள் சைக்கிள் போய்ச் சேராவிட்டால், மிரட்டல் போன் உட்பட எல்லாம் எங்கள் தலையில் விடியும்.

அக்காவிடம் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம். ஆனால் இதை மட்டும் சொல்லுங்கள். அவள் ஆசைப்படி நான் சைக்கிளை விட்டுவிட்டேன். இனி என் சைக்கிளைத் தொடுவதில்லை என்று குருவாயூரப்பன் மேல் ஆணையிட்டுச் சாவியை விசாலாக்ஷியிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். இது நானாக எடுத்த முடிவு. ஒரு மனிதரை அப்படிப் பயமுறுத்திய பிறகு அதில் ஏறிச் சுகமாகச் சவாரி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தங்கள் பெண் அம்ருதாவுக்கும் குழந்தைகளுக்கும் ஆசீர்வாதம். தங்கள் மீசைக்கு எந்தக் குறையும் வராமல் தங்கள் ஊர்ப் பூர்ணத்ரயீசன் பகவான் காக்க வேண்டும். சனிக்கிழமை தாங்கள் வருவீர்கள் என்று படகுத்துறையைப் பார்த்தபடி இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
நீலகண்டன்

பின்குறிப்பு (அதே நாள், பிற்பகல்): தாங்கள் வர வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடக் கிளம்பினேன். இன்று முழங்கால் வலி அதிகம், தபால் ஆபீஸ் வரை நடக்க முடியாது. என் சைக்கிளைத் தொடுவதில்லை என்று சத்தியம். கொல்லையில் நிற்பது என் சைக்கிள் இல்லையே. போர்த்தியிருந்த வேஷ்டியை எடுத்துவிட்டு அதில் ஏறிக்கொண்டேன். சந்தைப் பக்கம் திரும்பியதும் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் நான்கைந்து பேர் மறித்தார்கள். "அம்மாவா, ஈ சைக்கிள் எவிடுந்நு கிட்டி?" என்று ஒருவர் கேட்டார். மாமா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, எங்கே கிடைத்தது என்று கேட்கும்போது என்ன செய்வது, இது என் சைக்கிள் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். உண்மையைச் சொன்ன பிறகுதான் சட்டையைப் பிடித்தார்கள். மேலும் ஆட்கள் கூடினார்கள். ஒருவர் கையை ஓங்கினார். அத்திம்பேர், இதை வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. சுற்றிலும் ஆட்கள், யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. என்னிடம் இருப்பதையெல்லாம் எறிந்துவிட்டு எந்தச் சந்துக்குள்ளாவது ஓடிவிட வேண்டும் போலிருந்தது. சட்டையைப் பிடித்திருந்த கைகள் அதற்கும் விடவில்லை.

சைக்கிளோடு என்னையும் அண்ணாச்சி கடைக்கு இழுத்துப் போனார்கள். தெருவே கூடிவிட்டது. இசக்கிதுரை கரண்டியோடு வெளியே வந்தார். அவர் கேட்ட நாலு பேரும் இருந்தார்கள், சைக்கிளும் இருந்தது, பிடிபட்ட திருடனும் இருந்தான். ஓர் அடி அடித்திருந்தால் அவர் பேச்சு ஊரில் நிலைத்திருக்கும். அவர் என் சட்டையைப் பிடித்திருந்த கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். "சாமிய விடுங்க. அவனுவகிட்டேருந்து சைக்கிள மீட்டு எனக்குத் தரத்தான் கொண்டாராரு" என்றார். கூட்டம் வாயைப் பிளந்தது. இந்த மனுஷனா, ஆறு பேரிடமிருந்தா என்றார்கள். அண்ணாச்சி, "அப்போ நீ ரெண்டு பேரச் சாய்ச்சேன்னியே?" என்று கேட்டார். "நா ஓடத்தான் செஞ்சேன், அண்ணாச்சி" என்றார் இசக்கிதுரை. ஒருவர் சிரித்தார். அவர் உள்ளே போய் அடுப்பைத் தூண்டிவிட்டார்.

எனக்குச் சால்வை போட்டார்கள். சங்கர்ராமும் வெங்கிடேஸ்வரனும் செய்தி கேட்டு ஓடிவந்து, நான் கட்டாயம் செய்திருப்பேன் என்று சாட்சி சொன்னார்கள். சைக்கிள் கிடைத்துவிட்டதால் அண்ணாச்சி புகாரையும் விட்டுவிட்டார். எல்லோரும் போன பிறகு அடுப்படிக்குப் போய் இசக்கிதுரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. அவர்தான் பேசினார். "சைக்கிள் வந்துட்டு, சாமி. ஆனா பயம் இன்னும் போகல. விடியக்காலம் அந்தக் கிடங்குப் பக்கம் வந்தா நெஞ்சு அடிக்கி. நீங்க மூணு பேருதான்னு தெரியும், இருந்தாலும் அடிக்கி. வீட்ல சொல்ல முடியாது. கொஞ்ச நாளைக்குக் கூட வாரியளா?"

ஆகையால் மேலே உள்ள சத்தியத்தைத் தாங்களே பேனாவால் அடித்துவிடவும். சாவியை அரிசி டப்பாவிலிருந்து எடுத்தாகிவிட்டது, குருவாயூரப்பனிடம் நான் பேசிக்கொள்கிறேன். நாளை விடிகாலை முதல் இசக்கிதுரை வீட்டு வாசலில் போய் நின்று, அவரைக் கடை வரை கொண்டுவிடப் போகிறேன். நான் பின்னாலேயே வருகிறேன், தைரியமாகப் போங்கள் என்றேன். அதற்கு மட்டும் அவர் ஒப்பவில்லை. "நீங்க முன்னால போங்க, சாமி. பின்னால வந்தியன்னா எனக்குக் கால் தானா வேகமா மிதிக்கி" என்றார்.

நீ.